செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒரு மணி

"…ராத்திரிக்குள்ளார வந்து சேரோணும்னு தானுங்க சொன்னீங்க. இன்னிக்குத் தானுங்களே செவ்வாக்கெழம? ராத்திரி இன்னும் வரவே இல்லீங்களே?"

பழனியம்மா இதைக் கேட்டது எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் முத்துசாமியிடம். இடம், ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டின் ஆபீஸ். நேரம், செவ்வாய்க்கிழமை மத்தியானம் தாண்டிக் கொஞ்ச நேரம். கையில் ஒரு துணிப்பை, மலையடிவாரத்துக் குப்பனூர் ரோட்டின் செம்மண் ஒட்டிய கால். பெத்த தாயின் கருமாதியை முடித்துவிட்டு மலையேறி வந்திருந்தார். அவர் பேர் எஸ்டேட் வேலையாட்கள் வரிசையில் இல்லை என்று முத்துசாமி அப்போதுதான் சொல்லியிருந்தார். பேரை எடுத்தது கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது நான்.

அங்கே எனக்கு என்ன வேலை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் நான் ஓய்வு பெற்ற கம்ப்யூட்டர் கம்பெனியில் இப்போது புரோகிராம் சோதனை எல்லாம் தானாகவே நடக்கிறதாம். சாயங்காலம் விட்டுவிட்டுப் போனால் காலையில், தேறினால் பச்சை, தேறாவிட்டால் சிவப்பு என்று பதில் காத்திருக்குமாம். போன மாதம் அங்கே போயிருந்தபோது, "அக்கா, நீங்கெல்லாம் அந்தக் காலத்துல கையிலயே எப்படிங்க டெஸ்ட் பண்ணீங்க? எழுதிக் குடுங்க, நம்ம கம்பெனி ஆண்டு மலர்ல போடலாம்" என்று பிள்ளைகள் கேட்டார்கள். சிரிப்பாக எழுதித் தரலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பேனா பழனியம்மாவிடம் போய் நின்றுகொண்டது.

ஏற்காட்டில் மிஷன் பள்ளியில் படித்தேன். சிஸ்டர்கள் டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுத்தார்கள். எழுபதுகளில் ஓர் எஸ்டேட் ஆபீசில் டைப்பிஸ்ட். எண்பதுகளில் கல்யாணமாகிச் சேலத்துக்கு இறங்கினேன். அங்கே வேலை பார்த்த இடத்தில் டைப்ரைட்டரைத் தூக்கிவிட்டுக் கம்ப்யூட்டரை வைத்தார்கள். "ஸ்டெல்லாம்மா, இதுவும் தட்டறதுதான், தட்டுங்க" என்று ஒருவர் சொன்னார். தட்டினேன். தட்டத் தட்ட எங்கே உடைகிறது என்பது கைக்குத் தெரிய ஆரம்பித்தது. புரோகிராம் எழுதுகிறவர்கள் எழுதி முடித்ததும், உடைகிறதா என்று பார்க்க என்னிடம் கொண்டுவந்தார்கள். என் படிப்பு அவ்வளவுதான்.

தட்டச் சொன்ன அந்த ஒருவர்தான் ராஜகோபால் சார். பிறகு அவர் சொந்தமாகக் கம்பெனி வைத்தபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். உயரமான மனிதர். சோதனை நடக்கும்போது உட்கார மாட்டார். வாயில் ஏலக்காய் போட்டுக்கொண்டு, கையைப் பின்னால் கட்டி, நம் முதுகுக்குப் பின்னால் நிற்பார். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் ஏற ஏற அவர் பேச்சில் 'ங்க' கூடும். "என்ன கண்ணு இது" என்றால் சின்னத் தப்பு. "என்னங்க இது" என்றால் பெரிய தப்பு. "ஏனுங்க, இதுதானுங்களா நீங்க எழுதுனதுங்க" என்று வந்துவிட்டால், எழுதியவன் அன்றைக்குச் சாப்பிட மாட்டான்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் எங்களுக்கு வந்த பெரிய வேலை இணைப்பு மென்பொருள். மலையில் எஸ்டேட்டுகள் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தன. வேலையாட்கள் பேருக்கு ஒரு புரோகிராம், அவர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு ஒன்று, மழை அளவுக்கு ஒன்று. வேறு வேறு ஆட்கள் வேறு வேறு காலத்தில் எழுதியவை. ஒன்றுக்கு ஒன்று பேசிக்கொள்ளாது, ஒரே தெருவில் குடியிருந்து சண்டை போட்டுக்கொண்ட பங்காளிகள் மாதிரி. அவற்றைப் பேச வைப்பதுதான் நாங்கள் செய்தது. ஒவ்வொரு புரோகிராமும் கூப்பிட்டால் செய்து தரும் வேலைகளுக்குப் பேர் வைத்தோம். 'பேர் நீக்கு' என்று ஒன்று, 'வீடு மாற்று' என்று ஒன்று, 'தலைமை ஆபீசுக்குச் சொல்' என்று ஒன்று. புரோகிராம் எழுதுகிறவர்கள் இவற்றை மெத்தட் என்பார்கள். குறித்த கிழமையில், குறித்த மணிக்கு, இந்த மெத்தடுகளை வரிசையாகக் கூப்பிட ஒரு கடிகாரப் பகுதி இருந்தது. அதற்கு ஆபீசில் 'மணியக்காரர்' என்று பேர். ஊர் மணியக்காரர் மாதிரி எல்லாரையும் கூப்பிட்டு வேலை வாங்குகிறவர். மணி பார்த்தும் செய்கிறவர். வைத்தது யார் என்று தெரியாது, ஆனால் ஒட்டிக்கொண்டது.

மணியக்காரரைச் சோதிக்கிறது தனி வேலை. வாரத்துக்கு ஒரு தடவை நடக்கிற காரியத்துக்காக வாரம் பூராவும் காத்திருக்க முடியாது. அதனால் கம்ப்யூட்டரின் கடிகாரத்தை நகர்த்துவோம். முதலில் மோடம் கம்பியைப் பிடுங்க வேண்டும், இல்லாவிட்டால் பொய்த் தகவல் நிஜமாகவே வெளியே போய்விடும். பேர்களையும் வீடுகளையும் இன்னோர் இடத்தில் பிரதி எடுத்து வைக்க வேண்டும். பிறகு கிழமையை மாற்றி, குறித்த மணிக்குச் சற்று முன்னால் முள்ளை நிறுத்திவிட்டு, கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். கீபோர்டுச் சாவிகளைத் தொடக் கூடாது. நாம் தொட்டதால் ஓடியதா, தானாக ஓடியதா என்ற சந்தேகம் வந்துவிடும். அந்தக் கொஞ்ச நேரம் கோயில் மாதிரி இருக்கும். பின்னால் ஏலக்காய் கடிபடும் சத்தம் மட்டும்.

ஓடி முடிந்ததும் சார் மூன்று கேள்வி கேட்பார். கூப்பிட்டதா? ஒரு தடவைதான் கூப்பிட்டதா? கூப்பிட்ட வேலை நடந்ததா? மூன்றாவது கேள்விக்கு மணியக்காரரிடம் பதில் தேடினால் விட மாட்டார். "கூப்பிட்டவனக் கேக்காதீங்க ஸ்டெல்லாம்மா. அவன் கூப்பிட்டேன்னுதான் சொல்லுவான். வேல செஞ்சவன் ஊட்டுக்குப் போய்ப் பாருங்க." போய்ப் பார்ப்பேன். வேலையாட்கள் புரோகிராமைத் தனியாகத் திறந்து, அந்தப் பேர் நிஜமாகவே போயிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மூன்றாவதற்கு 'ஆமாம்'.

இரண்டாவது கேள்வியின் அருமை எங்களுக்கு ஏற்காட்டு மழையில்தான் தெரிந்தது. மழை அளவைத் தினமும் அச்சடித்துத் தரும் வேலையை முதலில் ஓடவிட்டோம். பெரிய காற்று அடித்து, மரம் சாய்ந்து, ஒரு வாரம் கரண்ட் இல்லை. கரண்ட் வந்ததும் மணியக்காரர் விழித்துக்கொண்டு, விட்டுப்போன நாளையெல்லாம் சேர்த்து அடித்துத் தள்ளிவிட்டார். காகிதம் தரையில் குவிந்தது. எல்லாத் தாளிலும் ஒரே அளவு. அதைப் பொறுக்கிக்கொண்டு வந்த வாட்ச்மேன், "ஏனுங்க, ஒரே மழையே ஏழு தடவ பேஞ்சுதுங்களா?" என்று கேட்டார். சார் அன்றைக்குச் சிரித்தார். தூங்கி எழுந்தால் பழைய வேலையை மறுபடி செய்யலாமா, கூடாதா என்று ஒவ்வொரு மெத்தடுக்கும் தனியாக எழுதி வாங்கினோம். மழைக்குத் தாளோடு போயிற்று. பேர் நீக்குகிற வேலையில் அப்படி ஆகிவிடக் கூடாது. அதற்குத்தான் அவ்வளவு சோதனை செய்தோம். கரண்டைப் பிடுங்கிப் பார்த்தோம். ஒரு வேலை முடியாமலிருக்கும்போதே அடுத்ததைக் கூப்பிட்டுப் பார்த்தோம். எல்லாம் சரியாக வந்தது.

பழனியம்மா வேலை செய்த எஸ்டேட்டில் ரொம்ப நாளாக ஒரு வழக்கம். ஊருக்குப் போன ஆள் செவ்வாய்க்கிழமை ராத்திரிக்குள் லைனுக்குத் திரும்பிவிட வேண்டும். புதன்கிழமை காலையில் புது ஆள் எடுப்பார்கள்; வராதவர் பேர் போய், வீடு அடுத்தவருக்கு. செவ்வாய் ராத்திரி, ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரி டார்ச் எடுத்துக்கொண்டு லைன் வழியாகப் போவார், யார் வீட்டில் பூட்டுத் தொங்குகிறது என்று பார்க்க. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டுக் குப்பனூரிலிருந்து நடந்தே ஏறி வருகிறவர்களுக்காகப் பொறுத்து, ஒரு மணி வாக்கில்தான் பார்ப்பார். கதவு திறந்திருந்தால் போதும், பேர் பிழைத்தது. இந்த மேஸ்திரி வேலையைத்தான் மணியக்காரரிடம் ஒப்படைத்தோம். ஆள் திரும்பியதை ஆபீசில் சொல்லிப் பதிந்துவிட வேண்டும். பதியாத பேரை மணியக்காரர் எடுத்துவிடுவார். நடுராத்திரியில் மலையேறி வருகிறவர் யாரிடம் போய்ப் பதிவது என்றால், வாட்ச்மேனிடம் கம்ப்யூட்டரில் அழுத்த வேண்டிய ஒரு பித்தானைக் காட்டிக் கொடுத்திருந்தோம். அதையும் யோசித்திருந்தோம்.

எங்கள் ஆபீசிலிருந்து புரோகிராம் எழுதுகிறவர் வந்து, எப்போது ஓட வேண்டும் என்று ரைட்டர் முத்துசாமியைக் கேட்டிருக்கிறார். "செவ்வாக்கெழம ராத்திரி ஒரு மணிங்க" என்று முத்துசாமி சொன்னார். வேறு எப்படிச் சொல்வார்? நம் ஊரில் பொழுது விடிந்தால்தான் புதன். ராத்திரி பூராவும் செவ்வாய்தான். கேட்டுக்கொண்டவரும் சேலத்துக்காரர்தான், வீட்டில் அவர் பேச்சும் அதுதான். ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் அவருக்கு வேறு தலை. செவ்வாய், 01:00 என்று போட்டார். கம்ப்யூட்டருக்குச் செவ்வாய் ஒரு மணி என்றால், திங்கட்கிழமை சாப்பிட்டுப் படுத்து நாம் புரண்டு படுக்கிற நேரம். சோதனைக்கு எங்கள் மேசைக்கு வந்தது அந்த எண்தான். ராத்திரி என்ற சொல் எங்களிடம் வரவேயில்லை. கிழமையைச் செவ்வாய்க்கு நகர்த்தினேன், முள்ளை நிறுத்தினேன், கையை மடியில் வைத்தேன். கூப்பிட்டது. ஒரு தடவைதான் கூப்பிட்டது. கூப்பிட்ட வேலை நடந்தது.

நிஜமாக ஓடத் தொடங்கிய வாரங்களில் யாரும் ஊருக்குப் போயிருக்கவில்லை. எடுக்கப் பேர் இல்லை, அதனால் ஒன்றும் தெரியவில்லை. கூடவே இருந்து பார்க்கச் சொல்லி சார் என்னை மலைக்கு அனுப்பியிருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை கம்ப்யூட்டரைத் திறந்தால் ஒரு பேர் போயிருந்தது. முத்துசாமிக்குக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதென்னங்க, திங்கக்கெழம ராத்திரியே எடுத்துப் போட்டிருக்குது?"

"செவ்வாய்னு தாங்க இருக்குது, ஐயா."

"செவ்வாக்கெழம ராத்திரி இனிமேத்தானுங்களே அம்மிணி வரும்?"

சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. 

திருப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன். திருப்ப ஒரு மெத்தட் இல்லை. நீக்கிய பேரைத் திரும்பச் சேர்க்கும் வேலையை யாரும் கேட்டதில்லை, யாரும் எழுதியதில்லை. புது ஆளாகத்தான் சேர்க்க முடியும். புது ஆளுக்கு வீடு வரிசையில் கடைசி. இதற்குள் மணியக்காரர் மற்ற இரண்டையும் கூப்பிட்டு முடித்திருந்தார். வீட்டுப் புரோகிராம் பழனியம்மாவின் வீட்டை வரிசையில் முதலில் நின்றவருக்கு மாற்றிவிட்டது. மோடம் வழியாகத் தலைமை ஆபீசுக்கும் சொல்லியாகிவிட்டது. காலையில் நான் வருவதற்கு முன்பே அச்சடித்து விழுந்திருந்த ஒதுக்கீட்டுச் சீட்டை, பக்கத்து மஞ்சக்குட்டைக்கு ஜீப்பில் போன மேஸ்திரி நல்ல மனசோடு எடுத்துப் போய் அங்கே இருந்த அந்த ஆளிடம் கொடுத்துவிட்டார். பத்து மணிக்கெல்லாம் அந்தக் குடும்பம் பானை சட்டியோடு, குழந்தைகளோடு வந்து இறங்கிவிட்டது. ஒண்டியிருந்த இடத்தைக் காலி செய்துவிட்டு வந்திருந்தார்கள். வீட்டுக்குள் பழனியம்மாவின் புருஷன் பெருமாள் கட்டிலில் கிடந்தார். சில்வர் ஓக் மரம் உருண்டு இடுப்பில் ஏறியதிலிருந்து அவருக்கு எழுந்து நடமாட்டம் இல்லை. பழனியம்மா பேரில்தான் அந்த வீடு. வந்த குடும்பம் அவரைப் பார்த்ததும் உள்ளே போகவில்லை. சாமான்களை வெளியில் இறக்கி வைத்துவிட்டு, அந்த அம்மா பெருமாளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

சேலத்துக்குப் போன் போட்டேன். சார் எல்லாவற்றையும் கேட்டார். மூன்று கேள்வியையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். மூன்றுக்கும் ஆமாம் என்றேன். 

"அப்பொ எல்லாம் சரியாத்தானுங்க நடந்திருக்குதுங்க. சரியா நடந்துதானுங்க இப்படி ஆயிருக்குதுங்க" என்றார்.

அவ்வளவு 'ங்க' அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. யார் மேல் அந்தக் கோபம் என்றும் தெரியவில்லை.

மேனேஜரிடம் போய்ச் சொன்னோம். மோசமான ஆள் இல்லை. எங்களை உட்காரச் சொன்னார், முழுதும் கேட்டார், எங்கள் முன்னாலேயே தலைமை ஆபீசுக்குப் பேசினார். வீடு ஒதுக்கியது ஒதுக்கியதுதான், வந்தவரும் சட்டப்படி வந்தவர்தான் என்று அங்கிருந்து பதில். போனை வைத்துவிட்டு, "மெஷினுக்கு வேண்டியவங்களும் இல்ல, வேண்டாதவங்களும் இல்லன்னு சொல்லித்தான் இதக் கொண்டாந்தோம். முதல் மாசத்துலயே நான் கை வச்சா, நாளைக்கு எல்லாரும் எங்கிட்டத்தான் வந்து நிப்பாங்க" என்றார். புது ஆளாகச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். பேசும்போது ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பனி இறங்கிக்கொண்டிருந்தது, பார்க்க ஒன்றும் இல்லை.

மறுநாள் சார் மலையேறி வந்தார். முதலில் லைனுக்குப் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த வீட்டு வாசலில் நின்றார். வாயில் ஏலக்காய் இல்லை. பழனியம்மா ஒரு சாக்கில் பாத்திரங்களைப் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். சார், "எங்க வேலைதானுங்க இது, மன்னிச்சுக்கோணும்" என்றார். பழனியம்மா நிமிர்ந்து பார்த்து, "நீங்க என்னங்க பண்ணுவீங்க, உங்க கடியாரத்துல ராத்திரி முந்தியே வந்திருச்சு" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் சாருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பெருமாளைக் கட்டிலோடு ஜீப்பில் ஏற்றிக் குப்பனூருக்கு இறக்கினார்கள். பழனியம்மாவின் கூடப்பிறந்தவன் வீட்டில் மாட்டுக் கொட்டகையை ஒட்டி இடம். அடுத்த மழைக்காலம் அவர் தாங்கவில்லை. பழனியம்மா புது ஆளாகச் சேரவும் இல்லை. குப்பனூர்ப் பக்கம் கிணத்து வேலைக்குப் போவதாக ஒரு தடவை முத்துசாமி சொன்னார். அதற்கப்புறம் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கத் துணியவில்லை.

கம்பெனியில் நாங்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தோம். அந்த எண்ணை மாற்றினோம். கிழமை, மணி எதுவானாலும் எண்ணாக வந்தால் வாங்குவதில்லை என்று சார் சொல்லிவிட்டார். எந்தக் கிழமைப் பொழுது அடைந்து எந்தக் கிழமைப் பொழுது விடிகிற ராத்திரி என்று பேச்சாக எழுதி, அது யார் தலையில் விழுமோ அவருக்கே படித்துக் காட்டி, பிறகுதான் சோதனைக்கு எடுத்தோம். வேறு ஊர்க் கம்பெனிக்காரர்கள் பார்த்துச் சிரித்தார்கள். 'திரும்பச் சேர்' என்று ஒரு மெத்தடும் எழுதினோம். பேர், வீடு, பழைய வரிசை எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே கொண்டுவந்து வைக்கும். நான் சோதித்ததிலேயே அழகான வேலை அதுதான். ஒரு பிசிறு இல்லாமல் ஓடியது. நான் அங்கே இருந்தவரைக்கும் ஒருவரும் அதை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

இப்போது தானாகவே சோதனை நடக்கிறது என்கிறீர்கள். நல்லதுதான். என் கையைவிட அது வேகம், என் கண்ணைவிட அது கூர்மை. ஆனால் அன்றைக்கும் சோதனை தேறியது. இன்றைக்கு என்றால் பச்சைதான் காட்டியிருக்கும். ஒரு பொம்பளையின் பேர் போகும் வரைக்கும், எந்த ராத்திரி என்ற கேள்வி எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அன்றைக்கு மத்தியானம் பழனியம்மா வந்து கேட்டார் என்று முதலில் சொன்னேன் அல்லவா. முத்துசாமி மேசை மேலிருந்த பேனாவை எடுத்தார், மூடியைத் திறந்தார், மூடினார். நான் எழுந்து வாசல்வரை வந்து, என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். கம்ப்யூட்டருக்குப் பாதி ராத்திரியிலேயே கிழமை மாறிவிடும் என்றேன். அது காதில் விழுந்தபோது எனக்கே நம்பும்படியாக இல்லை. பழனியம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். அதில் செவ்வாய்க்கிழமைத் தாள் கிழிக்கப்படாமல் இருந்தது.

"சரிங்க. அது அதோட கணக்கு" என்றார். "எனக்கு ரைட்டரய்யா சொன்னது செவ்வாக்கெழம ராத்திரி. அது வரட்டும். வந்தப்புறம் எம் பேரு இருக்குதா இல்லியான்னு பாத்துச் சொல்லுங்க."

துணிப்பையைக் கீழே வைத்தார். ஆபீஸ் படியில் கிடந்த சருகைக் கையால் ஒதுக்கிவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மேற்கே பார்த்து உட்கார்ந்தார், பொழுது சாய்வதற்காக.